கோட்டைக்குக் கோட்டை… ஓடிப் பார்த்தால்தான் தெரியும்!

புனே நகரத்துக்காரர்களில் ஒரு சாரார் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே சிங்ககட் கோட்டையின் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கடக்வாஸ்லா அணையைத் தாண்டியதும் மலை கண்ணில் படும். உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறது, காரிலேயே போய் இறங்கலாம். ஆனால், இவர்கள் ஆத்கர்வாடி கிராமத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மரங்களுக்கு நடுவே செங்குத்தாகப் போகும் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மேலே போனால் சுடச்சுட வெங்காய பஜ்ஜி, கடலைமாவில் செய்த பிட்லா, சோள ரொட்டி, சின்ன மண்சட்டியில் உறைந்த தயிர் எல்லாம் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு இறங்குபவர்கள் பாதி. எதையும் தொடாமல் திரும்பி இறங்கி, உடனே இரண்டாவது முறையாக ஏறத் தொடங்குபவர்கள் மீதி.

இரண்டாவது வகைக்காரர்கள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் ‘எஸ்.ஆர்.டி. அல்ட்ரா’ என்ற மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். சிங்ககட், ராஜ்கட், தோர்ணா ஆகிய மூன்று கோட்டைகளின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். குறுகிய பிரிவுகளும் உண்டு, நூறு கிலோமீட்டரும் உண்டு. ஆனால், மூன்று கோட்டைகளையும் கோத்துக்கொண்டு போகும் 53 கிலோமீட்டர் பிரிவுக்குத்தான் தனி மவுசு. ஏறும் உயரத்தை மட்டும் கூட்டினால் 2,000 மீட்டரைத் தாண்டும். சாலையில் இந்தத் தூரத்தை ஐந்தாறு மணி நேரத்தில் முடிக்கும் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு இங்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆவது சர்வசாதாரணம்.

டிரெயில் ரன்னிங் என்று உலகம் அழைக்கும் இந்த விளையாட்டு தமிழ்நாட்டுக்கு இன்னும் அவ்வளவாகப் பழகவில்லை. ஐரோப்பாவில் மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. 2003-ல் தொடங்கி, இன்று இந்த விளையாட்டின் பெரிய திருவிழாவாகிவிட்டது. நம் நாட்டிலும் சிக்கமகளூரின் காபித் தோட்டங்கள் முதல் இமயமலைவரை இப்படிப்பட்ட ஓட்டங்கள் நடக்கின்றன. ஆனால், கோட்டையிலிருந்து கோட்டைக்கு ஓடுவது, மகாராஷ்டிரத்து மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியின் தனிச்சொத்து. இங்கே கால் வைக்கும் பாதையே வரலாறு.

அடுக்கு மலையின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீலகிரி வேறு, சஹ்யாத்ரி வேறு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தோசை அடுக்கியதுபோலப் படிந்து இறுகிய கருங்கல் மலை இது. கெட்டியான அடுக்கு செங்குத்துப் பாறையாக நிற்கும். இளகிய அடுக்கு மழையில் கரைந்து சரிவாகும். அதனால் எந்த மலையைப் பார்த்தாலும் சரிவு, சுவர், சமதளம், மறுபடி சரிவு, சுவர் என்று படிப்படியாக எழும்பும். கோட்டை கட்டியவர்கள் இந்த அமைப்பை நன்றாகப் படித்தவர்கள். சுவர் இருக்கும் இடத்தில் இயற்கையே மதில் கட்டிவிட்டது. சுவரில் விரிசல் விட்ட இடத்தை மட்டும் கல் வைத்து அடைத்தால் போதும். நடுவில் இருக்கும் சமதளத்துக்கு ‘மாச்சி’ என்று பெயர். படை தங்கியதும் தானியம் சேர்த்ததும் அங்கே. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் உச்சிக்கோட்டை ‘பாலேகில்லா’.

இதைப் புத்தகத்தில் படித்தால் தகவல். ஓடினால் உடம்புக்கே புரியும். சரிவில் கைகளைத் தொடையில் ஊன்றி, குனிந்து, குறுகிய அடி வைத்து ஏறவேண்டும். இங்கே யாரும் ஏற்றத்தில் ஓடுவதில்லை. வேகமாக நடப்பதே நல்ல ஓட்டம். பாறைச்சுவர் வந்ததும் நடையும் நின்றுபோய், கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும். மாச்சியில் ஏறியதும் தரை சட்டென்று விரிந்து கால் தானாக ஓடத் தொடங்கும். தாக்க வந்தவன் எங்கே மூச்சு வாங்கியிருப்பான், காவல் காத்தவன் எங்கிருந்து கல்லை உருட்டியிருப்பான் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். மழைக்காலம் முடிந்து புல் காய்ந்தபின், பாதை முழுக்கச் சரளைக்கல் உதிர்ந்து கிடக்கும். மராத்தியில் இதற்குக் ‘கசாரா’ என்பார்கள். மண்ணின் மேல் மணிமணியாய்ச் சின்னக் கற்கள். பாதத்தை முழுதாகப் பதித்தால் வழுக்கும், பயந்து பின்னால் சாய்ந்தால் இன்னும் வழுக்கும். உடம்பைச் சற்று முன்னால் கொடுத்து, அடிகளைக் குறுக்கி, கண்ணை நாலைந்து அடி முன்னே ஓடவிட்டு, கால் ஒரு கல்லை நம்பும் முன்பே அடுத்த கல்லுக்குத் தாவிவிட வேண்டும். தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால், ஏற்றத்தில் தெரியாத வலி இறக்கத்தில் தெரியும். இரண்டு நாள் கழித்துப் படியிறங்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். இறங்கும் பாதையின் இருபுறமும் கார்விச் செடிகள் கொம்புக் கொம்பாய் நிற்கும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுக்க ஊதாவாய்ப் பூக்கும் இந்தச் செடி நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு, இதற்கு ஏழெட்டு. மலைவாசிகள் இதன் தண்டை நெருக்கமாய் நட்டு, மண் பூசி, வீட்டுச்சுவர் எழுப்புகிறார்கள். சறுக்கும்போது எட்டிப் பிடித்துக்கொள்ளவும் அதுதான் கைகொடுக்கிறது.

இறக்கம் என்றதும், ராய்கட் கோட்டையில் ஹிரகணி என்ற பால்காரியின் கதையைச் சொல்லாத ஆளில்லை. (ராஜ்கட் வேறு, ராய்கட் வேறு, ராஜ்கட்டை விட்டு சிவாஜி தலைநகரை மாற்றிய இடம்தான் ராய்கட்.) சூரியன் மறைந்ததும் கோட்டைக்கதவு சாத்தப்பட்டுவிட, கீழே வீட்டில் கைக்குழந்தை பசித்திருக்கும் தவிப்பில், அவள் இருட்டில் செங்குத்துப் பாறை வழியாகவே இறங்கிப் போய்விட்டாளாம். அவள் இறங்கிய இடத்தில் சிவாஜி ஒரு கொத்தளம் கட்டி அவள் பெயரையே வைத்தார் என்கிறது செவிவழிக் கதை. அந்தக் கொத்தளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், இறக்கம் என்பது எத்தனை பெரிய வித்தை என்பது விளங்கும்.

ஓட்டமே ஆயுதம்

இந்த மலைகளில் ஓட்டம் என்பது நேற்று வந்த பொழுதுபோக்கும் இல்லை. புனேவுக்கு மேற்கே உள்ள பள்ளத்தாக்குகளுக்கு மாவள் என்று பெயர். நெல்லும் கேழ்வரகும் விளைவித்த அந்த மண்ணின் குடியானவர்கள்தான் சிவாஜியின் முதல் படை. கனமான கவசம் கிடையாது, பெரிய பீரங்கி வண்டி கிடையாது. இருட்டில் காடுமேடு பார்க்காமல் விரைந்து நடக்கும் காலே அவர்களின் பலம். 1646 வாக்கில் சிவாஜி முதன்முதலாகக் கைப்பற்றிய கோட்டை தோர்ணா. 1,403 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதுதான் புனே மாவட்டத்துக் கோட்டைகளில் உயர்ந்தது. அங்கே கிடைத்த புதையலைக் கொண்டே பக்கத்து மலையில் ராஜ்கட் எழுந்தது என்பார்கள். சுமார் கால் நூற்றாண்டு காலம் அதுவே தலைநகர்.

மாவளர்களின் ஓட்டங்களில் மறக்க முடியாதது 1660 ஜூலையில் நடந்தது. பன்ஹாளா கோட்டையில் சிவாஜியை எதிரித் தளபதி சித்தி ஜௌஹரின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. கொட்டும் மழையில் ஓர் இரவு, சில நூறு வீரர்களோடு அவர் முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறினார். அவரைப் போலவே தோற்றம் கொண்ட சிவா காசித் என்ற நாவிதர் பல்லக்கில் ஏறி, வேறு திசையில் போய், தெரிந்தே எதிரியிடம் பிடிபட்டு உயிரைக் கொடுத்தார். சேறும் காடுமாக 60 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது விஷால்கட். வழியில் ஒரு குறுகிய கணவாயில் பாஜி பிரபு தேஷ்பாண்டே சுமார் முந்நூறு பேரோடு நின்றுகொண்டு துரத்தி வந்த படையைத் தடுத்தார். விஷால்கட்டிலிருந்து பீரங்கி முழங்கி, அரசர் சேர்ந்துவிட்டார் என்று தெரியும்வரை அவர் விழவில்லை என்பது மராட்டியரின் நெஞ்சில் பதிந்த வரலாறு. ஒவ்வொரு ஜூலையிலும் அதே மழையில், அதே சேற்றில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பன்ஹாளாவிலிருந்து அந்தக் கணவாய்க்கு நடக்கிறார்கள். பாவன்கிண்ட் என்று இன்று வணங்கப்படும் அந்த இடத்தில் பலரும் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

ராஜ்கட் முதல் தோர்ணா வரை

மூன்று கோட்டைகளில் என் மனம் ராஜ்கட்டின் பக்கம். பாலேகில்லாவைச் சுற்றி மூன்று திசையில் மூன்று மாச்சிகள்: பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி. குஞ்சவணே கிராமத்திலிருந்து காட்டுப்பாதையில் ஏறினால், கடைசியில் பாறையைப் பிடித்து ஏறி, குனிந்து நுழையவேண்டிய ‘சோர் தர்வாஜா’ என்ற திருட்டுவாசல் வரும். உள்ளே தலையை நீட்டியதும் பத்மாவதி குளத்துத் தண்ணீர். சுவேளா மாச்சியின் பாறையில் இயற்கையே துளைத்த ஒரு பெரிய ஓட்டை உண்டு. காற்று அதில் புகுந்து வரும்போது நிற்க முடியாது.

ஆனால், நிதானமாகப் பார்க்கவேண்டியது சஞ்சீவனி மாச்சி. மலையின் ஒல்லியான வால் ஒன்று மேற்கே நீண்டு போகிறது. அதன் இருபுறமும் இரட்டை மதில்கள். வெளி மதிலுக்கும் உள் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஆழமான சந்து. கொத்தளத்தின் தரையிலிருந்து இறங்கும் படிகள் அந்தச் சந்தில் கொண்டுபோய் விடும். வெளி மதிலை உடைத்து உள்ளே குதித்தவன் இந்தச் சந்தில் மாட்டிக்கொள்வான். நேர்ப்பாதை எங்கும் இல்லை, திரும்பித் திரும்பித்தான் போகவேண்டும். மூச்சிரைக்க வந்த ஓட்டக்காரரையும் இந்தக் கல் நடக்க வைத்துவிடும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எதிரிக்காகப் போட்ட கணக்கு இன்னும் பிசகவில்லை.

சஞ்சீவனியிலுள்ள ஆளு தர்வாஜா என்ற வாசல் வழியாக இறங்கினால், மலைமுகட்டின் மேலேயே தோர்ணாவுக்குப் பாதை. சஹ்யாத்ரியில் எனக்குத் தெரிந்து இதைவிட அழகான நடைபாதை இல்லை. இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. புல்வெளி, திடீரென்று அடர்ந்த மரக்கூட்டம், மறுபடி வெயில். கடைசியில் தோர்ணாவின் புத்லா மாச்சிக்குப் பாறையில் ஏறவேண்டும். அழுமூஞ்சிக் கொத்தளம் என்றே ஓர் இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்த்தவர்கள் அந்தப் பெயரோடு சண்டை போடமாட்டார்கள்.

இந்தத் தடத்தில் ஓடும் தமிழருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1670 பிப்ரவரி 4-ம் தேதி இரவு, செங்குத்துப் பாறையில் ஏறி சிங்ககட்டை மீட்ட போரில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே உயிர்விட்டார். இருபது நாள் கழித்து, பிப்ரவரி 24-ம் தேதி, ராஜ்கட்டில் சிவாஜிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் ராஜாராம். அண்ணன் சம்பாஜி 1689-ல் கொல்லப்பட்டு, முகலாயப் படை சூழ்ந்தபோது, ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. கெளதி ராணி சென்னம்மா வழியில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். சுமார் எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகராக இருந்தது செஞ்சிதான். முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகை 1698-ல் முடிந்து கோட்டை வீழும் முன்பே ராஜாராம் தப்பிவிட்டார். 1700 மார்ச்சில் அவர் இறந்தது சிங்ககட்டில். அவர் பிறந்த கோட்டையும் இறந்த கோட்டையும் இந்த 53 கிலோமீட்டருக்குள் அடக்கம். நடுவில் வாழ்ந்த கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

படியை உடைத்தால் போதும்

1818-ல் மராட்டியப் பேஷ்வாவின் ஆட்சியை முடித்த ஆங்கிலேயர்கள், இந்தக் கோட்டைகள் மறுபடி யார் கைக்கும் போகக்கூடாது என்று நினைத்தார்கள். நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள மதில்களை இடிப்பது வீண்வேலை. பல இடங்களில் பாறையில் வெட்டிய ஏறுபடிகளையும் வாசல்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாசிக் பக்கத்து அலங், மதன் போன்ற கோட்டைகளில் இன்றும் கயிறு கட்டித்தான் ஏறவேண்டியிருக்கிறது. மேலே குளமும் குகையும் அப்படியே இருக்கின்றன, நடந்து போக வழியில்லை. ஒரு மலைக்கோட்டைக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை எதிரி சரியாகவே கண்டுபிடித்திருந்தார்.

நாம்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. கொண்டாட வேண்டிய செய்தி. ராஜ்கட் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் நிற்கும் தோர்ணா இல்லை, சிங்ககட் இல்லை. இவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஒரே பாதுகாப்பு வலையாக்கிய முகட்டுப் பாதைக்குப் பெயரே எங்கும் இல்லை. மதிலுக்குப் பூச்சு பூச நிதி வரும். பாதைக்கு யார் பொறுப்பு?

பாதை என்பது கால் படப்படத்தான் உயிரோடு இருக்கும். ஊருக்கு ஊர் தார்ச்சாலை வந்துவிட்டது. அது வரவேண்டியதுதான். கர்ப்பிணிப் பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் கொடுமை யாருக்கும் வேண்டாம். ஆனால், சாலை வந்தபின் பழைய பாதையில் ஆடுமாடு மேய்ப்பவர்கள் மட்டுமே போகிறார்கள். நாலைந்து மழைக்காலம் யாரும் நடக்காவிட்டால் புதர் மூடிவிடும். மலையேறிகளும் ஓட்டக்காரர்களும் வருவதால்தான் பல தடங்கள் இன்று கண்ணுக்குத் தெரிகின்றன. ஓட்டத்துக்கு முன் புதர் வெட்டுவதும், கல் அடுக்கி அடையாளம் வைப்பதும், தண்ணீர் சுமந்து மேலே கொண்டுபோய் வைப்பதும் பெரும்பாலும் அடிவார கிராமத்து ஆட்கள்தான். இந்தப் பாதைகளை மனப்பாடமாக அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

கூட்டம் வந்தால் கேடும் வரும், அதையும் சொல்லியாகவேண்டும். வளைந்து செல்லும் பாதையை விட்டுவிட்டு நேராகக் குறுக்கே இறங்கினால், அந்தக் குறுக்குத்தடம் அடுத்த மழையில் ஓடையாகி மலையையே அரிக்கிறது. தடம் காட்டக் கட்டும் பிளாஸ்டிக் ரிப்பன்கள் அவிழ்க்கப்படாமல் தொங்குகின்றன. காய்ந்த புல்லில் விழும் ஒரு பீடித்துண்டு மலைச்சரிவு முழுவதையும் கரியாக்கிவிடும். ராஜ்கட்டின் பாறைகளில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடை கட்டியிருக்கின்றன. வாசனைத் திரவியமும் புகையும் கூச்சலும் அவற்றைக் கிளப்பிவிடும். கொட்டுப்பட்டு ஆட்கள் தவித்த சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. அத்தனைக்கும் மனிதர்கள்தான் காரணம், தேனீக்கள் அல்ல.

போக ஆசைப்படும் வாசகர்களுக்கு: நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். முதல்முறை ஓடவேண்டாம், நடந்து பாருங்கள். ராஜ்கட்–தோர்ணா முகட்டுக்குக் குஞ்சவணேயிலோ வேல்ஹேயிலோ உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், வேர்க்கடலை மிட்டாய், தலைவிளக்கு இவை போதும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உடன் உப்பும் சேரவேண்டும்.

புனேவரை போக முடியாதவர்களுக்குச் செஞ்சி இருக்கிறது. ராஜகிரியின் படிகளைக் காலை வேளையில், அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, நிற்காமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதிலால் வளைத்த கோட்டை அது. பக்கத்திலேயே பக்கமலைக் காடு. ராஜகிரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மற்ற இரண்டு மலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் தொல்லியல் துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மூன்று மலைகளையும் இணைக்கும் பழைய படிகளையும் தடங்களையும் அளந்து, வரைபடமாக்கி, முள் வெட்டி, செஞ்சி வட்டார இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்துத் திறந்துவிடவேண்டும். சிமென்ட் வேண்டாம், கைப்பிடிக் கம்பியும் தேவையான இடத்தில் மட்டும் போதும். செலவு அதிகமில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கலாம்.